நாலு மணிக்கு பீரோ வருது

போன வாரம் கன்னியப்பனின் ரகசியத்தை உங்களிடம் போட்டு உடைத்தாயிற்று. ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் அவன் உட்கார்ந்திருக்கிற அறையில் மின்விசிறி ஓடும். சுவிட்சு வேண்டாம், கம்பி வேண்டாம், அவன் இருந்தால் போதும். எப்படி என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

ஒரு காலத்தில் மில்லில் தறி ஓட்டியவன் அவன். கரண்ட் போன ஒருநாள் எல்லாத் தறியும் நிற்க, அவன் தறி மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி திரும்பிப் பார்ப்பதற்குள் கன்னியப்பன் பயந்து வெளியே ஓடிவந்தவன்தான், மறுபடி மில் வாசலை மிதிக்கவில்லை. நெல்லித்தோப்பில் வாடகை சைக்கிள் கடை போட்டான். சைக்கிளுக்குக் கரண்ட் வேண்டாமே! அதிலும் டைனமோ வைத்த சைக்கிளை வாடகைக்கு விட மாட்டான். கை பட்டதும் விளக்கு எரிந்து தொலைக்கும்.

அவன் பெண்டாட்டி செல்வாம்பாளுக்கு இது கல்யாணமான நாலாம் நாளே தெரியும். விசிறியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி விசிறியைப் பார்த்தாள். "இத யாருகிட்டயும் சொல்லாதீங்க, வெளியாளுங்க இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா எழுந்து கொல்லப்பக்கம் போயிடுங்க" என்றாள். பதினாலு வருஷமாக அவன் அப்படியே செய்து வருகிறான். அதற்காகவே அவனுக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் செல்வாம்பாளிடமும் ஒரு ரகசியம் இருக்கிறதே, அது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கடற்கரைக்குப் பின்தெருவில் மஞ்சள் சுவர்க் கட்டடத்தில் 'உவர்நீர் ஆய்வுக் கிளை' என்று ஒரு போர்டு தொங்குகிறது. அங்கே அவள் டைப்பிஸ்ட். அந்த ஆபீசில் ஒன்பது வருஷமாக யாரும் உப்புத் தண்ணீரைச் சோதித்ததே இல்லை. கன்னியப்பனைப் போன்ற ஆட்களைக் கண்டுபிடித்து வடக்கே அனுப்புவதுதான் அவர்கள் வேலை. நாட்டுக்காகத்தான் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். இதுவரை மூன்று பேர் போனார்கள், ஒருத்தரும் திரும்பவில்லை.

இன்று காலைத் தபாலில் ஒரு கார்டு வந்ததையும், அதை அவளே முதலில் படித்ததையும் போன வாரம் பார்த்தோம். கையெழுத்தில்லாத கார்டு. 'நெல்லித்தோப்பில் பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு ஒன்றில் கரண்ட் இல்லாத நேரத்தில் விசிறி ஓடுகிறது' என்று எழுதியிருந்தது. தெருப்பேரும் சரியாக இருந்தது. எவன் எழுதினானோ, அவன் கை நோகட்டும்.

மே மாதம், எண்பத்தொன்றாம் வருஷம், கத்திரி வெயில். பகல் பன்னிரண்டரை மணி.

டெல்லியிலிருந்து வந்திருந்த ஆதிமூலம் அந்தக் கார்டை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். அவர் கொண்டுவந்த தோல்பெட்டிக்குள் ஒரு மீட்டர் இருந்தது. பக்கத்தில் அப்படிப்பட்ட ஆள் இருந்தால் அதன் முள் எழுந்து நிற்கும்.

"இன்றைக்கே முடித்துவிடலாம். அந்தப் பகுதிக்கு மட்டும் கொஞ்ச நேரம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரண்டு மணிக்குக் கிளம்பலாமா?"

"ரெண்டு மணிக்கா?" என்று சிரித்தார் கிளைத் தலைவர் சக்கரபாணி. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே குமாஸ்தாவாக இருந்து நரைத்தவர். "சார், இந்த ஊரு ஒரு மணிக்குச் சாப்புட்டுப் படுத்தா நாலு மணிக்குத்தான் கதவத் தெறக்கும். அதுக்கு முன்னாடி தட்டினா நாய்தான் வரும்."

"சரி, நாலு மணி. வீட்டுப் பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும். மிஸஸ் செல்வாம்பாள் வரட்டும். அதுவரை யாரும் வெளியே போக வேண்டாம்."

கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சோற்றைச் செல்வாம்பாள் திறக்கவே இல்லை. எப்படியாவது வீட்டுக்குச் சேதி போக வேண்டும். தெருமுனையில் சாமிக்கண்ணு மளிகைக் கடையில் போன் இருக்கிறது. ஆனால் ஒரு மணி அடித்தால் சாமிக்கண்ணும் பலகையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான்.

ஆதிமூலம் கை கழுவப் போனார். சக்கரபாணி சாப்பாட்டுக் கேரியரோடு பின்கட்டுக்குப் போனார். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. அவள் போனை எடுத்துச் சுழற்றினாள். அவசரத்தில் ஒரு தடவை நம்பர் தப்பிப் போயிற்று.

"அலோ, சாமிக்கண்ணு மளிக. யாரு?"

"அண்ணே, நான் செல்வாம்பா. சைக்கிள் கடைக்காரரு வூட்டுல."

"இன்னாம்மா, போனெல்லாம் பண்ற! யாருக்காச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்லண்ணே. அவருகிட்ட ஒடனே ஒரு சேதி சொல்லணும். சாயங்காலம் நாலு மணிக்கு பீரோ ஆளுங்க வராங்க, வீட்ல..."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. 'வீட்ல இருக்க வேணாம்னு சொல்லுங்க' என்று முடிக்க வேண்டியவள் சட்டென்று போனை வைத்துவிட்டு டைப்ரைட்டர் பக்கம் நகர்ந்துகொண்டாள். ஆதிமூலம் கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பாதி சேதியாவது போய்ச் சேர்ந்ததே, ஏதோ ஆபத்து என்று அவர் புரிந்துகொள்வார் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள் செல்வாம்பாள்.

பாவம், அவளுக்கு ஒன்று உறைக்கவில்லை. சக்கரபாணி பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் ஆபீசை 'பீரோ' என்றுதான் சொல்வார். அவரைப் பார்த்து பியூனிலிருந்து எல்லாரும் பீரோ என்றார்கள். ஒன்பது வருஷத்தில் செல்வாம்பாளுக்கும் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மட்டும் ஜாக்கிரதையாக 'ஆபீஸ்' என்பாள். இன்றைக்குப் பதற்றத்தில் பீரோ என்று வந்துவிட்டது. ஒரு மளிகைக் கடைக்காரனுக்கு பீரோ என்றால் என்ன? துணிமணி வைத்துப் பூட்டுகிற இரும்பு பீரோதான். அது நாலு மணிக்கு வருகிறது, ஆட்கள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், 'வீட்ல' என்றதும் போன் கட்டாகிவிட்டது. மிச்சத்தை எந்த மடையனும் பூர்த்தி செய்வான். வீட்ல இரு!

*

நாலு மணிக்கு ஆதிமூலம், சக்கரபாணி, செல்வாம்பாள் மூன்று பேரோடும் ஜீப் நெல்லித்தோப்புக்குள் நுழைந்தது. சந்து குறுகலாக இருந்ததால் முனையிலேயே இறங்கி நடந்தார்கள்.

அந்தத் தெருவில் பச்சைக் கதவு மூன்று. முதல் வீட்டில் பூட்டு. இரண்டாவதில் ஒரு கிழவர் காது கேட்காமல் ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது அவள் வீடு. அது அவள் வீடு என்று ஆதிமூலத்துக்குத் தெரியாது. ஆபீஸ் பதிவேட்டில் இன்னும் ரெட்டியார்பாளையத்து அம்மா வீட்டு விலாசம்தான் இருக்கிறது. அவள் வேண்டுமென்றே மாற்றாமல் விட்டது அது.

கதவு பூட்டியிருக்கணும், மாரியாத்தா, பூட்டியிருக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

கதவு ஆவென்று திறந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்து, அந்த நாலு மணி வெயிலில் கோலம் வேறு போட்டிருந்தது. பன்னிரண்டு வயது மகள் தையல்நாயகி பட்டுப்பாவாடையில் நின்றிருந்தாள்.

"அப்பா! அம்மா வந்துட்டாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தியவள், இவர்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். "பீரோ எங்கம்மா?"

அப்போதுதான் செல்வாம்பாளுக்கு எல்லாம் விளங்கியது. அட கடவுளே!

உள்ளே போனால் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு வந்த தகர டிரங்குப்பெட்டியை மூலைக்கு நகர்த்தியிருந்தான். அது இருந்த இடத்தில் சுவரைத் தேய்த்துக் கழுவி, பீரோவின் காலுக்கு நாலு செங்கல்லை மட்டம் பார்த்து வைத்து, சுவரில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தான். தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நின்றான் கன்னியப்பன்.

"வாங்க சார், வாங்க. வண்டி முனையிலயே நின்னுடுச்சா? நான் வேணா ஒரு கை புடிக்கிறேன். கதவு அகலம் அளந்து பாத்துட்டேன், சாய்ச்சுப் புடிச்சா உள்ள வந்துடும்." பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "ஏன் செல்வா, ஒரு வார்த்த சொல்லலியே நீ என்கிட்ட!"

கண் கலங்கியிருந்தது அவனுக்கு. ஒவ்வொரு தீபாவளிக்கும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போன பீரோ அது. செல்வாம்பாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த மனுஷனையா வடக்கே அனுப்புவது? இவனில்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

"இது உங்கள் வீடா?" என்றார் ஆதிமூலம்.

"ஆமா சார்."

"சொல்லவில்லையே."

"நீங்க கேக்கல சார்."

அவர் தோல்பெட்டியைத் திறந்து மீட்டரை வெளியே எடுத்தார். முள் மெல்ல எழுந்தது. பீரோ வைக்க இதெல்லாமா அளப்பார்கள் என்று கன்னியப்பன் வியப்பாகப் பார்த்தான்.

சரியாக நாலு பத்துக்குக் கரண்ட் போயிற்று. அடுத்த வீட்டு ரேடியோ பாதிச் செய்தியில் நின்றது. தெருவெல்லாம் உச்சுக் கொட்டுகிற சத்தம். கன்னியப்பன் பதினாலு வருஷப் பழக்கத்தில், "இருங்க சார், மோர் கொண்டாறேன்" என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் நடந்தான். விசிறி மெதுவானது. இன்னும் மெதுவானது. மீட்டரின் முள் எழுந்த இடத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது.

செல்வாம்பாள் மூச்சை விட்டாள். விட்டதுதான் தப்பாகிவிட்டது. காலையிலிருந்து பட்டினி, வெயில், இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த பயம், எல்லாம் சேர்ந்து காலை வாரிவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வர, கழுவிய சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே சரிந்தாள்.

"அம்மா!" என்று தையல்நாயகி அலறினாள்.

அவள் கண்ணைத் திறந்தபோது தலை கன்னியப்பன் மடியில் இருந்தது. ஈரத் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு விசிறிகூட ஓடாத நேரத்தில் அதன் சத்தம் காதை அடைத்தது.

ஆதிமூலம் சுவிட்சைத் தட்டி அணைத்தார். விசிறி நிற்கவில்லை. மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். கையிலிருந்த மீட்டரின் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

கன்னியப்பனும் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். அவளைக் கீழே கிடத்திவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவள் நெற்றியில் இருந்த கையை எடுக்கவும் இல்லை. பெண்டாட்டி மயங்கிக் கிடக்கும்போது எழுந்து கொல்லைக்குப் போகிற ஜாதி இல்லை அவன்.

"மிஸ்டர்..." என்று ஆரம்பித்தார் ஆதிமூலம்.

"நான்தான் சார்" என்றாள் செல்வாம்பாள்.

எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. புருஷனின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். "அவரு ஒண்ணும் தெரியாதவரு. விசிறி ஓடுறது என்னாலதான். மூச்ச அடக்கிப் புடிச்சா நிக்கும், மயக்கத்துல அடக்க முடியல. கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்தே எனக்கு இப்படித்தான். என் பேரை எழுதிக்குங்க."

"ஒன்பது வருஷமாக எங்கள் ஆபீசிலேயே இருந்திருக்கிறீர்கள்."

"ஒளிஞ்சிக்க அத விட நல்ல எடம் ஏது சார்?"

கன்னியப்பன் வாயைத் திறந்தான். அவள் அவன் உள்ளங்கையில் நகம் பதிய அழுத்தினாள். ஒன்றும் புரியாவிட்டாலும் பெண்டாட்டி அழுத்தினால் வாயை மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மூடிக்கொண்டான்.

ஆதிமூலம் மீட்டரை அவள் பக்கம் நீட்டினார், அவன் பக்கம் நீட்டினார். இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல நின்றது. அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வாசலோரம் நின்றிருந்த சக்கரபாணி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "விதி பதினொண்ணு சார். ஒரு வீட்டுல ஒருத்தருக்குத்தான் சோதன. தானா ஒத்துக்கிட்டா அவங்க பேரத்தான் முதல்ல எழுதணும். தனி ரூம்ல வெச்சுப் பாக்கணும். அதுல ஒண்ணும் இல்லேன்னா அந்த வீட்டு பைலை மூடிட வேண்டியதுதான், மறுபடி தெறக்கக் கூடாது."

"விதி எனக்குத் தெரியும்."

"தெரியாம இருக்குமா சார்" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார் கிழவர். செல்வாம்பாள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எழுதி முடித்ததும், "மதாம் செல்வாம்பாள், கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினார்.

போட்டாள். ஆதிமூலம் காகிதத்தை வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"நாளைக்குக் காலை பத்து மணி. நீங்கள் மட்டும். ஊரைத் தாண்டக் கூடாது."

ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு கன்னியப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்ப பீரோ வரலியா?"

*

தையல்நாயகியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் செல்வாம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். ரகசியக் காப்பு உறுதிமொழி, ஜெயில், அது இது என்று ஒன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் அரைமணியில் வெளியே வந்துவிட்டது. கன்னியப்பன் சுவரோரம் அந்தச் செங்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்து கேட்டான்.

"நாளைக்கு அந்த ரூம்ல நான் மட்டும் இருப்பேன். என்கிட்ட என்னா இருக்குது? ஒரு பல்பும் எரியாது. பைல மூடிடுவாங்க. அப்புறம் இந்த வூட்டுப் பக்கம் யாரும் வர மாட்டாங்க."

"உன்ன சும்மா வுட்டுடுவாங்களா?"

"பொய் சொன்னதுக்கு வேலய வுட்டு அனுப்புவாங்க. கேஸு கூடப் போடலாம். போடட்டும். நீங்க இங்க இருப்பீங்க இல்ல?"

கன்னியப்பன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். "ஒம்பது வருஷமா இத மனசுல வெச்சிக்கிட்டு எப்படித்தான் தூங்கின நீ?" என்றான். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒருத்தர் இப்படிக் கேட்பதற்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள் போலிருக்கிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய்யை இறக்கி வைக்க ஆரம்பித்தவளுக்கு அடியில் கிடந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்க மனசு வரவில்லை.

"இன்னொண்ணு இருக்குது. தேங்காய்த்திட்டு அம்மாவாசை அண்ணன் இருக்காரே..."

"மணியக்கா வூட்டுக்காரரா? அவரு கப்பல் கம்பெனிக்கு இல்ல போயிருக்காரு!"

"கப்பலும் இல்ல, கம்பெனியும் இல்ல. அவரு கடல்ல கால நனைச்சா மீனு எங்க நிக்குதுன்னு சொல்லிடுவாரு. அத எவனோ பீரோவுக்குச் சொல்லிட்டான். எழுபத்தாறுல கூட்டிட்டுப் போனாங்க."

"அப்ப மூணு மாசத்துக்கு ஒரு தபா கடுதாசி வருதே, டைப் அடிச்சு?"

செல்வாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியப்பன் அவளையே பார்த்தான். அவளுடைய விரல்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டான்.

"நீயா?"

"நாலு வரி எழுதிக் கொடுப்பாங்க. நான் நலம், லீவு கெடச்சதும் வரேன், புள்ளைங்களப் பாத்துக்கன்னு. அத அடிச்சு அனுப்பணும். வெயில்ல அலையாத, மீனுக் கூடைய ரொம்ப தூரம் தலையில தூக்காதன்னு நானா ரெண்டு வரி சேத்து அடிப்பேன். இதோட இருபது கடுதாசி."

"அதுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீதான போயிப் படிச்சுக் காட்டுவ!"

"ஆமாங்க."

"நீயே அடிச்சு, நீயே போயிப் படிச்சியா? கை கூசலியா செல்வா உனக்கு?"

"கூசிச்சு. கூசக் கூச அடிச்சேன். மாட்டேன்னு சொன்னா சந்தேகப்படுவாங்க, என் வூட்டத் தோண்டுவாங்கன்னு பயம். உங்களக் காப்பாத்த அந்தம்மாவ ஏமாத்தினேன். என்னா வேணா திட்டுங்க."

அவன் திட்டவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான். அத்தனை வருஷத்தில் அவன் கோபித்துக்கொண்டு விலகிப் போனது அதுதான் முதல் தடவை. செல்வாம்பாளுக்கு ஆதிமூலத்தின் மீட்டரைவிட அதுதான் பயமாக இருந்தது.

திரும்பி வந்தவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு உன் வேல போயிட்டா அந்தக் கடுதாசி நின்னுடும். வரலன்னா அது என்னா நெனைக்கும்? புருஷன் செத்துட்டாருன்னு நெனைக்கும். எழுந்திரு, போயிச் சொல்லிட்டு வந்துடலாம்."

"வெளியே சொன்னா ஜெயிலுங்க."

"நான் கூட வரேன் இல்ல? அது நம்மள அடிச்சாலும் வாங்கிக்கலாம்."

வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. தையல்நாயகியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பின்கேரியரில் செல்வாம்பாளை உட்கார வைத்துக்கொண்டு அவன் மிதித்தான். முதலியார்பேட்டையைத் தாண்டினார்கள். அவள் அவன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். ஒரு பள்ளத்தில் சைக்கிள் குலுங்கியபோது பிடித்துக்கொண்டாள். அவன் விலக்கவில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

"பீரோ வருதுன்னு சாமிக்கண்ணு வந்து சொன்னான் பாரு" என்றான் திடீரென்று. "எனக்கு அவ்ளோ சந்தோஷம். நான் வாங்கித் தராதத நீ வாங்கிட்டியேன்னு கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு. செவுத்தக் கழுவும்போது அழுதுட்டேன்."

"எனக்கு பீரோவே வேணாங்க. அந்தப் பேரையே எடுக்காதீங்க."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

தேங்காய்த்திட்டில் மீன் வலை காய்கிற வாடை வந்தது. மணியம்மாள் வீட்டு வாசலில் ஒரு அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐம்பதை நெருங்கியவள், வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. சைக்கிளைப் பார்த்ததும் கூடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அடியே செல்வா! ஆயுசு கெட்டி உனக்கு. இப்பத்தான் உன்ன நெனச்சேன். காலையில உன் வூட்டுக்கு வரலாம்னு இருந்தேன், நீயே வந்துட்ட. வா தம்பி, உக்காரு. காப்பித்தண்ணி வெக்கிறேன்."

"அதெல்லாம் வேணாக்கா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்றாள் செல்வாம்பாள்.

"அப்புறம் சொல்லு. முதல்ல இதப் படி. மத்தியானம் தபால்காரரு குடுத்துட்டுப் போனாரு." முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கவரை எடுத்தாள். "உங்க அண்ணன் கடுதாசிதான். இந்த தடவ டைப் அடிக்கல பாரு. கையால எழுதியிருக்காரு."

செல்வாம்பாள் இந்த மாதம் கடிதம் எதுவும் அடிக்கவில்லை. அடுத்தது ஆடி மாதத்தில்தான்.

கவரை வாங்கினாள். பென்சில் எழுத்து, கோணல்மாணல், மேலேறியும் கீழிறங்கியும் போயிருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருத்தர் கஷ்டப்பட்டு எழுதிய எழுத்து. உயிரோடுதான் இருக்கிறார், அம்மாவாசை அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. விளக்கடியில் பிரித்து முதல் வரியைக் கண்ணால் படித்தாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாடி, புரியலியா எழுத்து? நல்லா இருக்காராமா?" மணியம்மாள் ஆசையாகப் பக்கத்தில் வந்து, படிக்கத் தெரியாத கண்ணால் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

இருபது கடிதம் இட்டுக்கட்டிப் படித்தவளுக்கு இருபத்தோராவது ஒரு பெரிய வேலையா? நான் நலம், லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். மணியம்மாளுக்குத் தெரியப் போவதில்லை. செல்வாம்பாள் வாசலைப் பார்த்தாள். கன்னியப்பன் சைக்கிளைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். படி என்பதுபோலத் தலையை அசைத்தான்.

அவள் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"மணி, இதுக்கு முந்தி உனக்கு வந்த கடுதாசி ஒண்ணு கூட நான் எழுதல."

மணியம்மாளின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. காகிதத்தைப் பார்த்தாள். பிறகு, அத்தனை கடிதத்தையும் தனக்குப் படித்துக் காட்டியவளின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப யாரு செல்வா எழுதினா?"